ஃபார்மேட் போட்டாச்சு, அப்புறம்? டிரைவர் போடும் வரிசை

விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு நிறுத்திவிட்டது. அதிலிருந்து சேலம் அஸ்தம்பட்டியில் இருக்கும் என் கடைக்கு வருகிறவர்களில் பலர் ஒரே வேலையைத்தான் கொண்டுவருகிறார்கள்: "எல்லாத்தையும் அழிச்சிட்டு 11 போட்டுக் குடுங்கண்ணா." கம்ப்யூட்டர் 11-ஐத் தாங்கும் என்றால் போட்டுக்கொடுப்பதில் பெரிய சிரமம் இல்லை. தலைவலியெல்லாம் விண்டோஸ் ஏறிய பிறகுதான். சத்தம் வராது, வைஃபை காணாமல் போயிருக்கும், டச்பேடில் விரலை எவ்வளவு தேய்த்தாலும் அம்புக்குறி அசையாது. அந்தந்தப் பாகத்தை விண்டோஸோடு பேசவைக்கும் டிரைவர் என்ற சாஃப்ட்வேர் இல்லாததுதான் காரணம். வீட்டிலேயே செய்து பார்க்க நினைக்கிறவர்களுக்காக, கடையில் நான் எந்த வரிசையில் செய்கிறேனோ அதை அப்படியே எழுதுகிறேன்.

டிரைவர் வேலையை ஃபார்மேட்டுக்கு முன்பே தொடங்கிவிட வேண்டும். பழைய விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஸ்டார்ட் பட்டனில் வலது கிளிக் செய்து டிவைஸ் மேனேஜரைத் திறங்கள். டிஸ்ப்ளே அடாப்டர்ஸ், நெட்வொர்க் அடாப்டர்ஸ், சவுண்ட், போர்ட்ஸ் ஆகிய நான்கையும் விரித்து மொபைலில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருப்பது யார் தயாரித்த பாகம் என்று பிறகு தேட வேண்டியிருக்காது. டிரைவர் கோளாறைக் காட்டும் மஞ்சள் முக்கோணம் ஏற்கெனவே எங்காவது இருந்தால் அதுவும் போட்டோவில் பதிவாகிவிடும். "நீங்க கை வைக்கிற வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு" என்ற பேச்சு எழும்போது அந்தப் போட்டோ எனக்குப் பலமுறை கைகொடுத்திருக்கிறது.

அடுத்து சீரியல் நம்பர். லேப்டாப்பின் அடியில் ஒட்டியிருக்கும். தேய்ந்து போயிருந்தால், விண்டோஸ் கிளம்பும் முன் திறக்கிற பயாஸ் என்ற செட்டிங்ஸ் திரையில் பார்க்கலாம். மாடல் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு தேடாதீர்கள். ஒரே மாடலில் ஒரு பெட்டியில் இன்டெல் வைஃபை இருக்கும், இன்னொன்றில் ரியல்டெக், வேறொன்றில் மீடியாடெக். தயாரித்த கம்பெனியின் சப்போர்ட் பக்கத்தில் சீரியல் நம்பரைக் கொடுத்தால் உங்கள் பெட்டியில் என்ன இருக்கிறதோ அதற்கான டிரைவரை மட்டும் காட்டும். அங்கிருந்து சிப்செட் (மதர்போர்டின் அடிப்படைச் சிப்கள்), லேன் (கேபிள் வழி நெட்), வைஃபை மூன்றையும் பென் டிரைவில் இறக்கிவிடுங்கள். மற்றவற்றை நெட் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இன்னொரு காப்பும் உண்டு. சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் சிஸ்டம்32, அதற்குள் டிரைவர்ஸ்டோர், அதற்குள் ஃபைல்ரெபாசிட்டரி என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். இதுவரை போட்ட டிரைவர்கள் அத்தனையும் அதில்தான் கிடக்கின்றன. முழுதாக காப்பி எடுத்து வெளி டிரைவில் போடுங்கள். சில ஜிபி போகும், போகட்டும். சப்போர்ட் பக்கத்தையே மூடிவிட்ட பழைய கம்ப்யூட்டருக்குப் பல நேரம் அந்த ஃபோல்டர்தான் கைகொடுக்கும்.

இனி விண்டோஸ் போடும் நேரம். பதினோராம் தலைமுறை இன்டெல் சிப் தொடங்கி அதற்குப் பின் வந்த பல லேப்டாப்களில், எங்கே நிறுவ வேண்டும் என்று கேட்கும் திரையில் டிஸ்க் பட்டியல் காலியாக இருக்கும். எஸ்எஸ்டி டிஸ்க் போய்விட்டது என்று நினைத்து, புதிதாக ஒன்று வாங்கிக்கொண்டே வந்தவர்கள் உண்டு. டிஸ்க்குக்கு ஒன்றும் ஆகியிருக்காது. டிஸ்க்குகளை நிர்வகிக்கும் இன்டெல் விஎம்டி என்ற அமைப்புக்குப் பின்னால் அது இருக்கிறது, விண்டோஸ் போடுகிற பென் டிரைவில் அந்த அமைப்புக்கான டிரைவர் இல்லை, அவ்வளவுதான். இன்டெல் ரேபிட் ஸ்டோரேஜ் டிரைவரை வேறொரு கம்ப்யூட்டரில் இறக்கிப் பிரித்து (எக்ஸ்ட்ராக்ட் செய்து) வைத்துக்கொண்டு, அந்தத் திரையில் லோட் டிரைவர் கொடுத்து ஃபோல்டரைக் காட்டினால் டிஸ்க் வந்துவிடும். பிரிக்காத இஎக்ஸ்இ ஃபைலை அந்தத் திரை ஏற்காது. உள்ளே டிரைவர் விவரம் எழுதிய ஐஎன்எஃப் ஃபைல் இருக்கிற ஃபோல்டர்தான் வேண்டும். பயாஸில் விஎம்டியை அணைத்துவிடுவது இன்னொரு வழி. மொத்தமாக அழித்துவிட்டுப் போடும்போது அது பரவாயில்லை. ஓடிக்கொண்டிருக்கிற விண்டோஸில் அதை அணைத்தால் கம்ப்யூட்டர் கிளம்பாது.

விண்டோஸ் ஏறி முதல் திரைகள் வரும்போது நெட் கேட்கும். வைஃபை டிரைவர் இல்லையென்றால் அங்கேயே நின்றுவிடும். ஏற்காட்டில் நாகலூர் பக்கம் ஒரு காபி எஸ்டேட் ஆபீஸுக்கு அவ்வப்போது போவேன். மழைக்காலத்தில் மரம் விழுந்து கேபிள் அறுந்தால் நாள்கணக்கில் நெட் இருக்காது. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறிப் போன பிறகு, "டிரைவர் எடுக்க மறந்துட்டேன், கீழே போய்ட்டு வரேன்" என்று எஸ்டேட் ரைட்டரிடம் சொல்ல முடியுமா? அங்கே எனக்குக் கைகொடுப்பது ஆண்ட்ராய்டு மொபைல். செட்டிங்ஸில் ஹாட்ஸ்பாட் பகுதிக்குள் யூஎஸ்பி டெதரிங் என்று இருக்கும். கேபிளைச் சொருகியதும் அதை இயக்கினால் விண்டோஸ் மொபைலை ஒரு நெட்வொர்க் கார்டாக எடுத்துக்கொள்ளும், தனி டிரைவர் தேவைப்படாது. கேபிள் டேட்டா போகிற கேபிளாக இருக்க வேண்டும். சார்ஜ் மட்டும் ஏறுகிற மலிவு கேபிளில் டெதரிங் பொத்தான் மங்கலாகவே கிடக்கும். அந்த ஆபீஸில் சிக்னல் ஜன்னலோரம் மட்டும்தான் கிடைக்கும், அதனால் நீளமான கேபிள் ஒன்று எப்போதும் என் பையில் இருக்கும். யூஎஸ்பி மவுஸும் கூடவே. பல லேப்டாப்களில் சிப்செட்டும், டச்பேடைச் சிப்செட்டோடு இணைக்கிற சீரியல் ஐஓ டிரைவரும் ஏறும்வரை டச்பேட் உயிர் பெறாது.

டெஸ்க்டாப் வந்த பிறகு வரிசை இதுதான். முதலில் சிப்செட், கூடவே (இன்டெல் கம்ப்யூட்டர் என்றால்) சிப்செட்டுக்குள் இருக்கும் மேனேஜ்மென்ட் இன்ஜின், சீரியல் ஐஓ. அப்புறம் ஒரு ரீஸ்டார்ட். அடுத்து லேன், வைஃபை, புளூடூத். நெட் வந்ததும் விண்டோஸ் அப்டேட்டைத் திறந்து அதன் வேலையை முடிக்க விடுங்கள். இந்த இடத்தில் பொறுமை வேண்டும். அப்டேட் பின்னால் ஒரு கிராபிக்ஸ் டிரைவரை இறக்கிக்கொண்டிருக்கும்போது நீங்கள் முன்னால் இன்னொன்றை ஓட்டினால், ஒரே வாசலில் இரண்டு பேர் பீரோவைத் தூக்கிக்கொண்டு எதிரும் புதிருமாக வந்த கதையாகிவிடும். திரை கறுத்து, பாதியில் நிற்கும். அப்டேட் முடிந்து ரீஸ்டார்ட் ஆன பிறகு அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் உள்ளே ஆப்ஷனல் அப்டேட்ஸ் பகுதியையும் பாருங்கள். டிரைவர் அப்டேட்ஸ் என்று தனியாக ஒரு பட்டியல் அங்கே ஒளிந்திருக்கும்.

அதன் பிறகு கிராபிக்ஸ். இன்டெல், என்விடியா இரண்டும் இருக்கிற லேப்டாப் என்றால் முதலில் இன்டெல், பிறகு என்விடியா. டிவைஸ் மேனேஜரில் மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர் என்று காட்டினால் கிராபிக்ஸ் டிரைவர் இன்னும் ஏறவில்லை. கடைசியாக சவுண்ட், கார்டு ரீடர், கைரேகை.

இவ்வளவும் செய்த பிறகு மிஞ்சுகிற மஞ்சள் முக்கோணங்களைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், ஒவ்வொன்றின் பெயரிலேயே துப்பு இருக்கிறது. பிசிஐ சிம்பிள் கம்யூனிகேஷன்ஸ் கன்ட்ரோலர் என்றால் இன்டெல் கம்ப்யூட்டரில் பெரும்பாலும் மேனேஜ்மென்ட் இன்ஜின். எஸ்எம் பஸ் கன்ட்ரோலர் என்றால் சிப்செட். வெறும் நெட்வொர்க் கன்ட்ரோலர் என்றால் வழக்கமாக வைஃபை, ஈதர்நெட் கன்ட்ரோலர் என்றால் லேன். பேஸ் சிஸ்டம் டிவைஸ் என்றால் அநேகமாக கார்டு ரீடர். அன்நோன் டிவைஸ் என்று மொட்டையாக இருந்தால் அதன் ப்ராப்பர்ட்டீஸில் டீடெய்ல்ஸ் பகுதிக்குப் போய் ஹார்டுவேர் ஐடியைத் தேர்ந்தெடுங்கள். அதில் வெண்டர் (தயாரிப்பாளர்) எண் 8086 என்றால் இன்டெல், 10இசி ரியல்டெக், 10டிஇ என்விடியா, 1002 ஏஎம்டி. அந்த முழு வரியையும் காப்பி எடுத்துத் தேடினால் ஆள் யாரென்று தெரிந்துவிடும். முன்பே எடுத்துவைத்த ஃபைல்ரெபாசிட்டரி காப்பிக்கும் இப்போது வேலை வரும்: முக்கோணத்தில் வலது கிளிக், அப்டேட் டிரைவர், பிரவுஸ் மை கம்ப்யூட்டர், அந்த ஃபோல்டரைக் காட்டி, உள் ஃபோல்டர்களையும் தேடு என்ற பெட்டியில் டிக். தனக்கு வேண்டியதை அதுவே பொறுக்கிக்கொள்ளும்.

செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கடைகளில் தராசுதான் வில்லன். "தம்பி, தராசு கம்ப்யூட்டரோட பேச மாட்டேங்குதுப்பா" என்று போன் வந்தால், அங்கே யாரோ விண்டோஸ் புதிதாகப் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். கொலுசு எடை நேராக பில்லில் விழுவதற்காகத் தராசின் ஒன்பது முள் சீரியல் கேபிளை யூஎஸ்பி கன்வெர்ட்டர் வழியாகச் சொருகியிருப்பார்கள். அந்தக் கன்வெர்ட்டருக்குள் இருப்பது பல இடங்களில் புரோலிஃபிக் பிஎல்2303 சிப், அல்லது அதன் போலி. புதிய டிரைவர் அந்தப் பழைய சிப்பைப் பார்த்ததும், 2012-லிருந்து இது கைவிடப்பட்டது, விற்றவரைக் கேளுங்கள் என்று டிவைஸ் பெயர் இருக்க வேண்டிய இடத்திலேயே எழுதிக் காட்டும். போலி என்றால் அதையும் முகத்துக்கு நேரே சொல்லிவிடும். முன்பு நன்றாக ஓடிய கேபிள்தான், ஆனால் பழைய விண்டோஸில் இருந்தது பழைய டிரைவர். அப்டேட் டிரைவர் போய், பட்டியலிலிருந்து நானே தேர்ந்தெடுக்கிறேன் என்ற வழியில் 3.3.2.105 போன்ற பழைய பதிப்பைப் பிடித்துப் போட்டால் ஓடும். விண்டோஸ் அப்டேட் இன்னொரு நாள் புதியதைத் திணித்தால் மறுபடி நிற்கும். எஃப்டிடிஐ அல்லது சிஎச்340 சிப் உள்ள வேறு கன்வெர்ட்டர் வாங்கிவிடுங்கள் என்றுதான் நான் சொல்வேன். கிலோக்கணக்கில் வெள்ளி எடை போடுகிற கடையில் ஒரு கேபிளுக்குக் கணக்குப் பார்க்கக் கூடாது.

கன்வெர்ட்டர் தெரிந்துவிட்டது, ஆனாலும் எடை வரவில்லையா? போர்ட் எண்ணைப் பாருங்கள். பில்லிங் சாஃப்ட்வேர் காம் 3-ஐக் கேட்டுக்கொண்டிருக்கும், புதிய விண்டோஸ் காம் 5 கொடுத்திருக்கும். டிவைஸ் மேனேஜரில் அந்தப் போர்ட்டின் ப்ராப்பர்ட்டீஸ், போர்ட் செட்டிங்ஸ், அட்வான்ஸ்டு என்று போனால் எண்ணை மாற்றலாம். ஃபார்மேட்டுக்கு முன் போர்ட்ஸ் பகுதியை ஏன் போட்டோ எடுக்கச் சொன்னேன் என்பது இப்போது புரிந்திருக்கும்.

பிரிண்டருக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கம்பெனி டிரைவரை ஓட்டி, அது கேட்கும்போது மட்டும் கேபிளைச் சொருகுங்கள்.

ஒரே கிளிக்கில் எல்லா டிரைவரும் போட்டுத்தருகிறேன் என்று வரும் சாஃப்ட்வேர்களை நான் கடைக்குள் விடுவதே இல்லை. தேவைப்படாத டிரைவரைப் புதிய பதிப்பு என்ற ஒரே காரணத்துக்காக மாற்றும், கூடவே இரண்டு விளம்பர சாஃப்ட்வேரையும் ஏற்றிவிடும், பிறகு பணம் கேட்கும். மஞ்சள் முக்கோணம் இல்லாத, ஒழுங்காக வேலை செய்கிற டிரைவரைத் தொடவே வேண்டாம். கிராபிக்ஸ் மட்டும் விதிவிலக்கு, அதுவும் கேம் ஆடுகிறவர்களுக்கு. பயாஸ் அப்டேட்டையும் இந்த வேலையோடு சேர்த்துக்கொள்ளாதீர்கள். மின்வெட்டு இருக்கிற நாளில் யூபிஎஸ் இல்லாமல் அதைத் தொட்டால் மதர்போர்டே போகலாம்.

கடைசியில் சோதனை. பாட்டு ஒன்று போடுங்கள், கேமராவைத் திறங்கள், ஹெட்போன் சொருகிப் பாருங்கள். பிறகு லேப்டாப்பை மூடித் தூங்கவிட்டு மறுபடி திறங்கள். தூங்கி எழுந்ததும் வைஃபை காணவில்லை என்றால் அந்த அடாப்டரின் பவர் மேனேஜ்மென்ட் பகுதியில், மின்சாரம் மிச்சப்படுத்த இதை அணைக்கலாம் என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். அந்தப் பகுதியே சில லேப்டாப்களில் இருக்காது. அங்கே கம்பெனி தருகிற வேறு பதிப்பு வைஃபை டிரைவரைப் போட்டுப் பார்க்க வேண்டியதுதான். எல்லாம் ஓடுகிறது என்று தெரிந்த பிறகு, பிரச்சினை வந்தால் இந்த நிலைக்குத் திரும்ப உதவும் ரெஸ்டோர் பாயின்ட் ஒன்றை உருவாக்கி, ஃபைல்ரெபாசிட்டரியைப் புதிதாக ஒரு காப்பி எடுத்து, கம்ப்யூட்டரின் மாடலையும் தேதியையும் ஃபோல்டருக்குப் பெயராக வையுங்கள். சி டிரைவில் வைக்காதீர்கள், அடுத்த ஃபார்மேட்டில் அதுவும் போய்விடும்.