டென்ஸ் சார்ட்ட மூடி வச்சிட்டு டென்ஸ் கத்துக்கிட்ட கதை (படிப்படியா)

ஒரு இன்டர்வியூல எத்தனை வருஷமா இப்போ இருக்கிற வேலைல இருக்கீங்கன்னு கேட்டாங்க. நான் ரொம்ப தெம்பா "ஐ ஆம் வொர்க்கிங் தேர் சின்ஸ் ஃபோர் இயர்ஸ்"னு சொன்னேன். கேட்டவர் சிரிக்கல, முறைக்கல, "ஓகே, யூ ஹேவ் பீன் வொர்க்கிங் தேர் ஃபார் ஃபோர் இயர்ஸ்"னு மெதுவா திருப்பி சொல்லிட்டு அடுத்த கேள்விக்கு போயிட்டாரு. வெளிய வந்து படி இறங்கும்போதுதான் உறைச்சுது, அவர் என்னைய திருத்தியிருக்காருன்னு. ஒரே வரில ரெண்டு தப்பு. இத்தனைக்கும் பன்னெண்டு கட்டம் போட்ட அந்த டென்ஸ் சார்ட் எனக்கு தலைகீழா ஒப்பிக்க வரும்.

அதுக்கப்புறம்தான் புரிஞ்சுது, நாம தமிழ்ல நினைச்சுட்டுதான் இங்கிலீஷ்ல பேசுறோம், அப்போ சார்ட்ட தேடாம தமிழ் வினையோட வாலைப் பாத்தே டென்ஸ புடிக்கலாமே. முக்காவாசி இடத்துல இது வேலை செய்யுது, சில இடத்துல மட்டும் அந்த வாலே நம்மள கவுத்துடும். அந்த இடங்களுக்காகத்தான் இந்த பதிவே.

ஸ்டெப் 1: மூணு ஃபார்ம்

கோ, வென்ட், கான். ரைட், ரோட், ரிட்டன். இது இல்லாம எதுவும் நடக்காது. லிஸ்ட்டா மனப்பாடம் பண்ண ஆப் நாலஞ்சு போட்டு பாத்தேன், எதுவும் ஒரு வாரம் தாண்டல. எனக்கு செட் ஆனது ஒரு பழைய நோட்டுதான், அன்னைக்கு பேசும்போது எந்த வெர்ப்ல தடுமாறினேனோ அத மட்டும் எழுதுவேன். சந்தேகம்னா கேம்பிரிட்ஜ் இல்லன்னா ஆக்ஸ்ஃபோர்டு டிக்‌ஷனரி சைட், ஆடியோவும் இருக்கு. அந்த ஆடியோவ கண்டிப்பா கேளுங்க, ஏன்னா படிக்கிறதுக்கான வெர்ப் மூணு ஃபார்ம்லயும் ஒரே ஸ்பெல்லிங்தான், ஆனா சொல்லும்போது ரீட், ரெட், ரெட்.

ஸ்டெப் 2: வாலைப் பாருங்க

எழுதினேன்னா "ஐ ரோட்". எழுதிட்டு இருக்கேன்னா "ஐ ஆம் ரைட்டிங்". எழுதிட்டு இருந்தேன்னா "ஐ வாஸ் ரைட்டிங்". எழுதியிருக்கேன்னா "ஐ ஹேவ் ரிட்டன்". எழுதுவேன்னா "ஐ வில் ரைட்". ஒரு நாள் பூரா உங்களுக்கு நீங்களே பேசிக்கிற வாக்கியத்த எல்லாம் இப்படி மாத்தி பாருங்க, பாதி பயம் போயிடும்.

"ஐ ஆம் நோயிங்", "ஐ ஆம் அண்டர்ஸ்டாண்டிங்"னு சிலர் எல்லாத்துக்கும் இங் ஒட்டுவாங்க. "எனக்கு தெரிஞ்சுட்டு இருக்கு"ன்னு தமிழ்ல யாராச்சும் சொல்லுவோமா? மாட்டோம்ல. அங்க இங்கிலீஷ்லயும் இங் வேண்டாம், "ஐ நோ" போதும்.

ஸ்டெப் 3: முதல் பள்ளம், "எந்திரிப்பேன்"

காலைல அஞ்சு மணிக்கு எந்திரிப்பேன்னு சொல்றோம். வால பாத்தா வருங்காலம், உடனே "ஐ வில் வேக் அப் அட் ஃபைவ்"னு வந்துடும். கேக்குறவங்களுக்கு நாளைக்கு எந்திரிக்க போறீங்க போலன்னு தோணும். தமிழ்ல பழக்கத்துக்கும் வருங்காலத்துக்கும் ஒரே வால், இங்கிலீஷ்ல பழக்கத்துக்கு சிம்பிள் பிரசன்ட். முன்னாடி "தினமும்" சேத்து பாருங்க, அர்த்தம் மாறலன்னா "ஐ வேக் அப்". சின்ன வயசுல விளையாடுவேன்னு சொன்னா அது விட்டுப்போன பழக்கம், "ஐ யூஸ்ட் டு ப்ளே".

ஸ்டெப் 4: நான் விழுந்த பள்ளம்

இது கொஞ்சம் பொறுமையா படிங்க. "நாலு வருஷமா இங்க இருக்கேன்". தமிழ்ல இது சுத்தமான நிகழ்காலம், அதனால "ஐ ஆம்"னு வாய் தானா ஆரம்பிக்கும். ஆனா இங்கிலீஷ்காரன் இந்த வாக்கியத்த இப்போலேர்ந்து பாக்குறது இல்ல, நாலு வருஷம் முன்னாடி ஆரம்பிச்ச இடத்துலேர்ந்து இப்போ வரைக்கும் ஒரு கோடு இழுத்து பாக்குறான். அந்த கோட்டுக்கு பேருதான் பிரசன்ட் பெர்ஃபெக்ட். "ஐ ஹேவ் பீன் ஹியர் ஃபார் ஃபோர் இயர்ஸ்". செஞ்சுட்டே இருக்கிற வேலைன்னா கூட ஒரு இங், "ஐ ஹேவ் பீன் வொர்க்கிங்".

இத கண்டுபிடிக்க எனக்கு கிடைச்ச குறுக்கு வழி "வருஷமா"ல இருக்கிற அந்த கடைசி "ஆ". ரெண்டையும் சொல்லி பாருங்க:

நாலு வருஷமா இருக்கேன் = ஐ ஹேவ் பீன் ஹியர் ஃபார் ஃபோர் இயர்ஸ்
நாலு வருஷம் இருந்தேன் = ஐ வாஸ் ஹியர் ஃபார் ஃபோர் இயர்ஸ்

ரெண்டாவதுல "ஆ" இல்ல, கோடு அறுந்துடுச்சு, சிம்பிள் பாஸ்ட். ஃபார் ரெண்டுலயும் வருது, அத பாத்து ஏமாறாதீங்க.

சின்ஸா ஃபாரான்னு வர்ற குழப்பமும் இதுலயே தீரும். "லேர்ந்து" வந்தா சின்ஸ், அளவு சொன்னா ஃபார். திங்கக்கிழமைலேர்ந்து, 2019லேர்ந்து, காலைலேர்ந்து, எல்லாம் சின்ஸ். மூணு நாளா, ரெண்டு மணி நேரமா, எல்லாம் ஃபார். நான் சொன்ன "சின்ஸ் ஃபோர் இயர்ஸ்" எவ்ளோ பெரிய கூத்துன்னு இப்போ தெரியுதா, "நாலு வருஷத்துலேர்ந்து"ன்னு ஒரு இடத்த காட்டுற மாதிரி சொல்லியிருக்கேன், அப்படி ஒரு இடமே இல்ல.

ஸ்டெப் 5: தேதி வந்தா ஹேவ் போகணும்

"2019ல அந்த படத்த பாத்திருக்கேன்". தமிழ்ல தப்பே இல்ல. அப்படியே "ஐ ஹேவ் சீன் இட் இன் 2019"னு எழுதினா தப்பு. நேத்து, போன வாரம், 2019ல, ரெண்டு நாள் முன்னாடி, இப்படி முடிஞ்சுபோன நேரம் ஒண்ணு வாக்கியத்துல உக்காந்துட்டா ஹேவ் எந்திரிச்சு போயிடணும். "ஐ சா இட் இன் 2019". மெயில்ல நாம அடிக்கிற "ஐ ஹேவ் சென்ட் த ஃபைல் யெஸ்டர்டே" இதே கேஸ்தான், ஒண்ணு யெஸ்டர்டேவ எடுங்க, இல்ல "ஐ சென்ட்"னு மாத்துங்க.

சில்லறை விஷயம் ரெண்டு. டிட் வந்தா வெர்ப் முதல் ஃபார்முக்கு திரும்பிடும், "டிட் யூ கோ", வென்ட் இல்ல. அப்புறம் "அவன் வந்ததும் சொல்றேன்"க்கு "வென் ஹி கம்ஸ்"தான், "வென் ஹி வில் கம்" இல்ல.

பின்னாடி சேத்தது: "போயிருக்கார்"னா என்ன போடணும்னு ரெண்டு மூணு பேர் கேட்டாங்க, நல்ல கேள்வி, நான் கவனிக்கவே இல்ல. தமிழ்ல "அவர் லண்டன் போயிருக்கார்"னா இப்போ அங்க இருக்காருன்னும் எடுத்துக்கலாம், எப்பவோ போயிட்டு வந்தவருன்னும் எடுத்துக்கலாம். இங்கிலீஷ் இத ரெண்டா பிரிச்சிடுது. இன்னும் திரும்பலன்னா "ஹி ஹாஸ் கான் டு லண்டன்", போயிட்டு வந்தாச்சுன்னா "ஹி ஹாஸ் பீன் டு லண்டன்". அதனால உங்கள பத்தி சொல்லும்போது "ஐ ஹேவ் பீன்"தான் வரும், போயிட்டு வந்ததாலதான இங்க உக்காந்து பேசிட்டு இருக்கீங்க.

இன்னொண்ணும் சேத்துடுறேன்: "நேத்து ஒரு கல்யாணத்துக்கு போயிருந்தேன்"ங்கிறத "ஐ ஹேட் கான்"னு மாத்துறாங்க. தனியா ஒரே சம்பவம்னா "ஐ வென்ட்" போதும். ஹேட் வேணும்னா பழைய சம்பவம் ரெண்டு இருக்கணும், அதுல எது முந்திச்சுன்னு காட்டணும்: "வென் ஐ ரீச்ட் த ஸ்டேஷன், த ட்ரெயின் ஹேட் லெஃப்ட்". ட்ரெயின் முதல்ல, நான் அப்புறம்.

"ஐ ஜஸ்ட் ஏட்"னு ஒரு சீரியல்ல கேட்டேன், இப்பதான் முடிஞ்ச விஷயத்துக்கு ஹேவ் வேண்டாமான்னு ஒருத்தர் மடக்கினார். அதுவும் தப்பு இல்ல, அமெரிக்காவுல ஜஸ்ட், ஆல்ரெடி கூட சிம்பிள் பாஸ்ட் சகஜமா போடுவாங்க, பிரிட்டிஷ்காரங்க பெரும்பாலும் "ஐ ஹேவ் ஜஸ்ட் ஈட்டன்"ம்பாங்க. நான் ஹேவ் போட்டே பழகிட்டேன், ரெண்டு ஊர்லயும் செல்லும்.