வன்னி மாணவர்கள் சுற்றாடல் வழக்குப் பயிற்சியைக் கொடுப்பனவுடன் பெறுவது எப்படி?

பொதுநலச் சுற்றாடல் வழக்குகளை நடத்தும் அமைப்புகளில் சட்ட மாணவர்கள் விடுமுறையில் பயிற்சி பெறுவது வழக்கம்தான். அதற்குப் பணம் கிடைப்பதுதான் அரிது. 1981 இல் தொடங்கிய என்வயர்மென்டல் ஃபவுண்டேஷன், 2004 இல் உருவான சுற்றாடல் நீதிக்கான மையம் ஆகிய இரண்டும் கொழும்புப் பக்கத்திலேயே இயங்குவதால், கிளிநொச்சியிலிருந்தோ முல்லைத்தீவிலிருந்தோ செல்பவருக்கு அறை வாடகையும் சாப்பாட்டுச் செலவும் முதல் தடையாகின்றன. ஆகவே விண்ணப்பத்தில் பரீட்சைப் பெறுபேறுகளைவிட, அந்த அலுவலகத்தால் கொழும்பில் இருந்தபடி செய்ய முடியாத எந்த வேலையை நீங்கள் செய்து தருவீர்கள் என்பதே முன்னுக்கு வர வேண்டும்.

அந்த வேலை வன்னியில் நிறையவே இருக்கிறது. வில்பத்து தேசிய பூங்காவை அண்டிய கல்லாறு வனப்பகுதி மீள்குடியேற்றத்துக்காக அழிக்கப்பட்டமை தொடர்பில் 2020 நவம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அளித்த தீர்ப்பையும், யாழ்ப்பாணத்தின் சுன்னாகத்தில் நிலத்தடி நீர் எண்ணெயால் மாசடைந்தமை தொடர்பில் 2019 இல் உயர் நீதிமன்றம் இரண்டு கோடி ரூபாய் இழப்பீடு விதித்த தீர்ப்பையும் முழுமையாக வாசியுங்கள். நீரின் தரம் பற்றிய அறிக்கைகள், வர்த்தமானி அறிவித்தல்கள், திணைக்களக் கடிதங்கள் போன்ற ஆவணங்களை நீதிமன்றம் எப்படி எடைபோடுகிறது என்பது அப்போதுதான் விளங்கும். கல்லாறு வழக்கை வாசிக்கும்போது, மீள்குடியேறியோரின் காணிப் பிரச்சினையும் வனப் பாதுகாப்பும் மோதும் இடத்தை நீங்கள் நேர்மையாக எதிர்கொள்ள வேண்டியிருக்கும். நேர்முகத்தில் இதைக் கேட்டால், ஊர்ப் பற்றை மட்டும் பதிலாகச் சொல்வது போதாது.

விண்ணப்பத்துடன் மாதிரிக் கோப்பு ஒன்றை இணைப்பது நல்லது. உங்கள் ஊர் ஆற்றில் மணல் அகழப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். அகழ்வு அனுமதிப்பத்திரத்தின் பிரதியையும் நிபந்தனைகளையும் கேட்டு, புவிச்சரிதவியல் அளவை, சுரங்கங்கள் பணியகத்துக்கு 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பியுங்கள். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தமது தீர்மானத்தை அறிவிக்க வேண்டும். பின்னர் திகதி, இடம், நடந்தது, ஆதாரம் என்ற நான்கு நிரல்களில் இரண்டு பக்கத்துக்கு மேற்படாத காலவரிசை அட்டவணை ஒன்றைத் தயாரியுங்கள். வாய்க்கால் கரை இடிந்ததாக ஒரு விவசாயி சொன்னால், அவர் அதை நேரில் கண்டாரா, கேள்விப்பட்டாரா என்பதையும் அதே வரியில் குறிக்க வேண்டும். சத்தியக்கடதாசியைத் தயாரிக்கும் சட்டத்தரணி முதலில் தேடுவது அந்தக் குறிப்பைத்தான். இரவில் மணல் ஏற்றும் உழவு இயந்திரங்களைப் படம்பிடிக்கத் தனியே போக வேண்டாம். ஒரு பயிற்சிக்காக எடுக்கக்கூடிய ஆபத்தல்ல அது.

திகதிகளை இவ்வளவு வலியுறுத்தக் காரணம் உண்டு. அரசியலமைப்பின் 126 ஆவது உறுப்புரையின் கீழான அடிப்படை உரிமை மனுவை மீறல் நடந்து ஒரு மாதத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும். சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கைக்குப் பொதுமக்கள் கருத்துச் சொல்லக் கிடைப்பதும் 30 நாட்களே. இந்தக் காலக்கெடுவுக்குள் தமிழ் வாக்குமூலங்களைத் திருத்தமான ஆங்கிலத்தில் சுருக்கித் தரக்கூடிய மாணவரை எந்த அலுவலகமும் இலகுவில் தட்டிக்கழிக்காது. சிங்களமும் வாசிக்கத் தெரிந்தால் அதைக் கடிதத்தின் முதற் பந்தியிலேயே சொல்லிவிடுங்கள்.

கொடுப்பனவைப் பற்றி நேரடியாகவே கேளுங்கள். இத்தகைய அமைப்புகள் பெரும்பாலும் செயற்றிட்ட நிதியிலேயே இயங்குவதால், வரவுசெலவுத் திட்டம் முடிவாகிய பின் கேட்டால் மனம் இருந்தாலும் பணம் இராது. விடுமுறைக்கு மூன்று நான்கு மாதங்களுக்கு முன்பே எழுத வேண்டும். முழுக் காலமும் கொழும்பில் தங்காமல், பெரும்பகுதியை ஊரிலிருந்தே கள வேலையாகச் செய்து, பயணப்படியும் மாதாந்தக் கொடுப்பனவும் பெறும் ஏற்பாட்டை நீங்களே முன்மொழியலாம். அலுவலகத்துக்கும் அது செலவு குறைந்தது. தொகை, பணம் தரும் நாள், பொறுப்பான சட்டத்தரணி யார் என்பவற்றை வேலை தொடங்குமுன் எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். சாட்சிகளின் பெயர்களையும் ஆவணங்களையும் எங்கே வைத்திருப்பது, பயிற்சி முடிந்ததும் யாரிடம் ஒப்படைப்பது என்பதும் அந்தக் கடிதத்திலேயே இருக்கட்டும்.