தெருக் கேமராவுக்குக் கணக்குக் கேட்டு மனு எழுதுவது எப்படி?

திருநெல்வேலி கொக்கிரகுளத்தில் கலெக்டர் அலுவலகத்துக்கு வெளியே மனு எழுதிக் கொடுப்பது என் தொழில். பட்டா, முதியோர் உதவித்தொகை என்று வருகிறவர்களே அதிகம். இப்போது, "எங்கள் தெருக் கேமராவில் பதிவாவதை யார் பார்க்கிறார்கள் அண்ணாச்சி?" என்றும் கேட்கிறார்கள். இதைத் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கொடுக்காதீர்கள். 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி எழுதுங்கள்.

வெள்ளைத்தாள் போதும். பெறுநர், மாநகரக் காவல் ஆணையர் அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலர். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டுங்கள். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. பிரிவு 6(2) அப்படித்தான் சொல்கிறது.

மனுவின் உயிர் கேள்வியில் இருக்கிறது. "ஏன் எங்களைக் கண்காணிக்கிறீர்கள்?" என்று எழுதினால் ஒரே வரியில் தட்டிக்கழித்துவிடுவார்கள். அலுவலகத்தில் இருக்கிற காகிதத்தைத்தான் இந்தச் சட்டம் வாங்கித் தரும். ஆகவே நகல் கேளுங்கள். கேமரா வைக்க அனுமதித்த ஆணை, பதிவை எத்தனை நாள் வைத்திருக்க வேண்டும் என்ற சுற்றறிக்கை, பதிவை எடுத்துப் பார்த்ததற்கான பதிவேடு. வியாபாரிகள் நன்கொடையாகக் கொடுத்த கேமரா என்றால் ஒப்படைப்புக் கடிதம். பதிவுப் பெட்டி கடையில் இருக்கிறதா, காவல் நிலையத்தில் இருக்கிறதா என்பது அதில்தான் தெரியும். மேலப்பாளையம், டவுன் ரத வீதி என்று இடத்தையும் காலத்தையும் குறிப்பிடுங்கள். முகத்தை வைத்து ஆள் யாரென்று காட்டும் முக அடையாள மென்பொருளுக்கான பயன்பாட்டு விதியையும் விட்டுவிடாதீர்கள். 2024 மே மாதம் தமிழ்நாடு காவல்துறையின் முக அடையாள இணையதளத்துக்குள்ளேயே வெளியாள் புகுந்திருக்கிறான். அதன் பிறகும் இதைக் கேட்காமல் இருப்பது சரியல்ல.

நடந்துகொண்டிருக்கும் வழக்கின் விவரம் கேட்டால் 8(1)(h) பிரிவைக் காட்டி மறுப்பார்கள், அதைத் தொடாதீர்கள். தர முடியாத பகுதியை நீக்கிவிட்டு மீதியைத் தர வேண்டும் என்று பிரிவு 10 சொல்கிறது. அதை மனுவிலேயே எழுதிவிடுங்கள்.

எத்தனை நாள் வைத்திருக்கிறார்கள் என்ற கேள்வியை நான் ஒருபோதும் விடுவதில்லை. 2020 ஜூனில் சாத்தான்குளம் காவல் நிலையத்தில் தந்தையும் மகனும் வதைபட்ட இரவின் பதிவு கிடைக்கவில்லை. வன்தட்டில் இடம் இருந்தும், தினமும் தானாக அழியும்படி வைக்கப்பட்டிருந்ததாக விசாரித்த நீதித்துறை நடுவர் அறிக்கை அளித்தார். அதே ஆண்டு டிசம்பர் 2 அன்று, பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம் எல்லாக் காவல் நிலையங்களிலும் கேமரா வைத்துப் பதிவை 18 மாதம் காக்கச் சொன்னது. அதற்கு வழியில்லை என்றால் குறைந்தது ஓராண்டு. மாவட்டந்தோறும் மேற்பார்வைக் குழுவும் வேண்டும் என்றது. அதில் கலெக்டர், எஸ்.பி.யுடன் மேயரோ மாவட்ட ஊராட்சித் தலைவரோ இருக்க வேண்டும். மக்கள் தேர்ந்தெடுத்தவருக்கு அங்கே நாற்காலி உண்டு! ஆகவே கலெக்டர் அலுவலகத்துக்கு இன்னொரு மனு: அந்தக் குழு கூடிய தேதிகளும் கூட்டக் குறிப்புகளின் நகலும்.

அந்தக் குழு காவல் நிலையக் கேமராவுக்கு மட்டும்தான். தெருக் கேமராவுக்கு அப்படி ஒன்று இல்லை. அமெரிக்காவின் ஓக்லாந்து நகரில் 2018ஆம் ஆண்டுச் சட்டப்படி, போலீஸ் இத்தகைய கருவியை வாங்கும் முன்பே பயன்பாட்டு விதியைக் குடிமக்கள் குழுவின் முன்பும் நகர மன்றத்தின் முன்பும் வைக்க வேண்டும். நமக்கும் அது வேண்டும் என்று உங்கள் வார்டு கவுன்சிலரிடம் எழுத்தில் கொடுங்கள்.

முப்பது நாளில் பதில் வராவிட்டால் அடுத்த முப்பது நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல் அதிகாரிக்கு முதல் மேல்முறையீடு, கட்டணம் இல்லை. அதற்கும் அசையாவிட்டால் 90 நாளுக்குள் சென்னையில் உள்ள மாநிலத் தகவல் ஆணையம். தபால் ரசீதையும் ஒப்புகை அட்டையையும் மனுவின் நகலோடு சேர்த்துத் தைத்து வையுங்கள். மேல்முறையீட்டில் முதலில் கேட்பது அவற்றைத்தான்.