பயாஸ் சிப்பைக் கழற்றுவதற்கு முன் அதைப் படித்து வையுங்கள்

லேப்டாப்பில் பவர் லைட் எரிகிறது, ஃபேன் சுற்றுகிறது, திரை மட்டும் கறுப்பாகவே இருக்கிறது. உடனே பயாஸ் சிப் (லேப்டாப்பை எழுப்பும் ஆரம்ப மென்பொருள் இருக்கும் சிப்) போச்சு என்று முடிவு கட்டாதீர்கள். முதலில் ரேமை ஒவ்வொன்றாக மாற்றிப் போடுங்கள், வெளி மானிட்டர் மாட்டிப் பாருங்கள். பயாஸ் அப்டேட் பாதியில் நின்றபின் வந்த கோளாறு என்றால் சிப் மேல் சந்தேகப்படலாம்.

நம்ம குளச்சல், முட்டம் பக்கத்து வீடுகளில் உப்புக்காற்று பட்ட போர்டுகளில் சிப்பின் கால்கள் பச்சை பூத்திருக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டு பிரஷால் தேய்த்துக் காயவைத்ததிலேயே ஒரு லேப்டாப் எனக்கு உயிர் பெற்றிருக்கிறது.

சரி, அதிலும் சரியாகவில்லையா? சார்ஜர், பேட்டரி இரண்டையும் கழற்றிவிட்டு, சிப்பின் எண்ணை லென்ஸ் வைத்துப் படியுங்கள். வின்பாண்ட் 25கியூ64 என்றால் 8 மெகாபைட், 128 என்றால் 16. எண்ணின் கடைசி எழுத்துகளையும் விடாதீர்கள்: எஃப்வி என்றால் 3.3 வோல்ட், எஃப்டபிள்யூ என்றால் 1.8. 1.8 சிப்புக்கு வோல்ட்டைக் குறைக்கும் அடாப்டர் இல்லாமல் புரோகிராமரை (சிப்பைப் படிக்கவும் எழுதவும் கணினியோடு இணைக்கும் கருவி) மாட்டினால் சிப் கெட்டுப்போகலாம். மலிவாகக் கிடைக்கும் கறுப்பு சிஎச்341ஏ புரோகிராமர் பலவற்றில் டேட்டா கால்களில் 5 வோல்ட் வரும், அதையும் மீட்டர் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

புரோகிராமரைச் சிப்போடு இணைக்கும் கிளிப்பின் சிவப்பு ஒயர் சிப்பில் புள்ளி உள்ள முதல் காலில் வர வேண்டும். சிப்பில் உள்ளதைப் புரோகிராமரால் இரண்டு தடவை படித்துக் கோப்பாகச் சேமித்து, இரண்டு கோப்பும் ஒன்றுதானா என்று ஒப்பிடுங்கள். வேறுபட்டாலோ, முழுக்க எஃப்எஃப் (வெற்று சிப்பில் வரும் மதிப்பு) என்று வந்தாலோ கிளிப் சரியாகப் பிடிக்கவில்லை, மறுபடி மாட்டுங்கள். தயவுசெய்து இதை மட்டும் அவசரப்பட்டுத் தாண்டாதீர்கள், ஏனென்றால் அந்த லேப்டாப்பின் சீரியல் எண், பெரும்பாலும் விண்டோஸ் கீ, இன்டெல் எம்இ (இன்டெல் போர்டுகளில் உள்ள மேலாண்மைப் பகுதி) அமைப்பு எல்லாம் அந்தக் கோப்புக்குள்தான் இருக்கின்றன, நெட்டில் கிடைக்கும் இன்னொருவர் கோப்பை அப்படியே எழுதினால் அதெல்லாம் போய்விடும். கம்பெனி தரும் அப்டேட் கோப்பு பல நேரம் முழு சிப்புக்கானது இல்லை, அதிலுள்ள பயாஸ் பகுதியை மட்டும் எடுத்துப் பழைய கோப்பில் பொருத்த வேண்டும்.

அழித்து, எழுதி, சரிபாருங்கள். கிளிப் நன்றாகப் பிடித்திருந்தும் திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் பிழை வந்தால் சிப்பை மாற்றத்தான் வேண்டும். அதே வோல்ட், அதே அளவுள்ள புதியதை வாங்கி, போர்டில் வைக்கும் முன்பே சாக்கெட்டில் எழுதிவிடுங்கள். பழைய சிப்பைச் சுற்றிலும் வெப்பம் தாங்கும் கேப்டான் டேப் ஒட்டி, ஃபிளக்ஸ் (ஈயம் நன்றாக உருகி ஓட உதவும் பசை) தடவி, ஹாட் ஏரை (சூடான காற்று ஊதும் கருவி) 350 டிகிரி வாக்கில் காற்றைக் குறைத்துக் காட்டுங்கள். ஈயம் உருகினால் சிப் தானாக அசையும், அதற்கு முன் நெம்பினால் பேட் (கால் ஒட்டியிருக்கும் செம்புத் தடம்) பிய்ந்து வந்துவிடும்.

அப்புறம் முதல் தடவை ஆன் செய்யும்போது திரை வர ஓரிரு நிமிடம் ஆகலாம், தானாகவே அணைந்தும் எழும்பும். பட்டனில் கை வைக்காமல் காத்திருங்கள்.