இடதும் வலதும் ஒரே தொகை: மைஎஸ்க்யூஎல் ரிகர்சிவ் குவெரியில் பட்ட பாடு

ஒருவருக்குக் கீழே இடது, வலது என்று இரண்டு பேர் வரை மட்டும் வரும் பைனரி ட்ரீயில், ஒவ்வொரு உறுப்பினருக்கும் இடது, வலது பக்க விற்பனையைக் கூட்டி, எது குறைவோ அதில் 10% கமிஷன். மைஎஸ்க்யூஎல் 8.0 டேட்டாபேஸில், மட்டம் மட்டமாகத் திரும்பத் திரும்ப ஓடும் வித் ரிகர்சிவ் குவெரியை வைத்து, உச்சியிலிருந்து ஒவ்வொருவர் வரையுள்ள எண்களை '1/4/9/' என்று பாதையாகக் கட்டி, ஒரே பாதையில் தொடங்குபவர்களை லைக் மூலம் தேடிக் கூட்டினேன். மேல்மட்ட ஆட்களுக்குக் கணக்கு சரி, ஆழத்தில் இருப்பவர்களுக்கு மட்டும் இரண்டு பக்கமும் பைசா பிசகாமல் ஒரே தொகை!

முதலில், குவெரி எத்தனை சுற்று ஓடலாம் என்ற வரம்பான சிடிஇ_மேக்ஸ்_ரிகர்ஷன்_டெப்த்தை 1000-இலிருந்து ஏற்றினேன், மாற்றமில்லை (அதைத் தாண்டினால் எப்படியும் எரர்தான் வரும்). அப்புறம் திரும்பத் திரும்ப ஓடும் ரிகர்சிவ் பகுதிக்குள்ளேயே சம் (கூட்டல்) போடப் பார்த்தால், மைஎஸ்க்யூஎல் அதை அனுமதிப்பதே இல்லை.

கடைசியில் பாதைகளின் நீளத்தை, எழுத்துகளை எண்ணும் கேர்_லெங்த் போட்டுப் பார்த்தேன். எதுவும் ஒரு குறிப்பிட்ட நீளத்தைத் தாண்டவில்லை. பாதை இருக்கும் நெடுவரிசையின் அகலத்தை மைஎஸ்க்யூஎல், தொடக்க வரிகளைத் தரும் முதல் செலக்ட்டை மட்டும் வைத்தே முடிவு செய்கிறது. அகலத்தில் அடங்காத மதிப்பை ஏற்க மறுக்கும் ஸ்ட்ரிக்ட் மோட் இருந்தால் எரர் வந்திருக்கும், அந்த சர்வரில் யாரோ அதை அணைத்து வைத்திருந்ததால் சத்தமில்லாமல் வெட்டிவிட்டது. வெட்டியபின் இடது பிள்ளைக்கும் வலது பிள்ளைக்கும் ஒரே பாதைதானே, அதனால்தான் ஒரே தொகை.

முதல் செலக்ட்டில் பாதையின் வகையை காஸ்ட் மூலம் கேர்(2000), அதாவது 2000 எழுத்து அகலம், என்று மாற்றியதும் எல்லாம் சரியாகிவிட்டது. பெரிய நிம்மதி. ஸ்ட்ரிக்ட் மோடையும் திரும்பப் போட்டுவிட்டேன்.