உலோகச் சேர்மம் நீரில் கரைவதைச் சோதிக்கும் முறை

ஆந்திர எல்லையை ஒட்டிய ராணிப்பேட்டையில் குரோமியக் கழிவு நிலத்தடி நீரைக் கெடுத்ததைக் கண்ட நாம், எந்த உலோகச் சேர்மத்தையும் நீரில் கரையும் அளவைக் கொண்டே முதலில் மதிப்பிட வேண்டும். பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சிக்கான பன்னாட்டு அமைப்பான ஓஇசிடியின் 29ஆம் வழிகாட்டு ஆவணப்படி, தொடக்கச் சோதனையில் லிட்டருக்கு 100 மில்லிகிராம் சேர்மத் தூளை, பிஎச் அளவு (அமில-காரத் தன்மை) நிலையாக வைக்கப்பட்ட, ஆய்வகத்தில் தயாரித்த நீரில் இட்டு 24 மணி நேரம் கலக்க வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்க, தூள் சேர்க்காத நீரையும் உடன் வைப்பது கட்டாயம்.

பிறகு கரையாத தூளை வடிகட்டிப் பிரிப்பதில்தான் மிகுந்த கவனம் தேவை. வடிதாளே உலோகத்தை ஈர்த்துக்கொள்ளக்கூடும் என்பதால், 0.2 மைக்ரோமீட்டர் வடிதாளில் முதலில் இறங்கும் நீரைக் கொட்டிவிட்டு, அடுத்து வருவதை நைட்ரிக் அமிலம் சேர்த்துப் பாதுகாக்க வேண்டும். நம் பகுதிக்கு முக்கியமான, குரோமியத்தின் நச்சு மிகுந்த வடிவமான ஆறு இணைதிறன் (Cr VI) குரோமியத்தை அறிய, அமிலம் சேர்க்காத மாதிரியைத் தனியே எடுக்க வேண்டும். அமிலத்தில் அது மூன்று இணைதிறன் வடிவத்துக்கு மாறிவிடக்கூடும்.