அருகம்புல் பறிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

காலை நடைக்கு வருபவர்களில் அருகம்புல் சாற்றைப் புதிதாகத் தொடங்குவோர் ஆண்டுதோறும் அதே தவறுகளையே செய்கிறார்கள். கழுவாமல் அரைப்பது, வாடிய புல்லை வாங்குவது போன்றவற்றை அவர்களே திருத்திக்கொள்வார்கள் என்பதால் இங்கே விட்டுவிடுகிறேன்.

வேறு புல்லைப் பறிப்பது

தண்டை விரலிடையில் உருட்டிப் பார்க்கும்போது மூன்று பட்டை தட்டுப்பட்டால் அது கோரை. அருகின் தண்டு தரையில் படர்ந்து கணுவுக்குக் கணு வேர்விடும். அதன் பூங்கதிர்கள் ஒரே புள்ளியிலிருந்து மெல்லிய விரல்களாக விரியும். கதிர்கள் குட்டையாகவும் தடித்தும் இருந்தால் அது காக்காய்க்கால் புல்.

முளைத்த இடத்தைப் பாராமல் பறிப்பது

வடசென்னையில் கொருக்குப்பேட்டைத் தண்டவாள ஓரத்திலும் பக்கிங்காம் கால்வாய்க் கரையிலும் அருகு செழித்துக் கிடப்பதைப் பார்த்ததும் பலருக்குக் கை பரபரக்கிறது. உவரையும் வறட்சியையும் தாங்கும் புல் என்பதால், அது பச்சையாக இருப்பதை வைத்து மண்ணின் தரத்தை முடிவு செய்ய முடியாது. தண்டவாள ஓரங்களில் களைக்கொல்லி தெளிக்கிறார்கள். கால்வாயில் கழிவுநீர் ஓடுகிறது. எண்ணூர்ப் பக்கமோ அனல்மின் நிலையச் சாம்பல் கலந்த மண். ஈயம், காட்மியம் போன்ற உலோகங்களை இப்புல் வேர்வழியே உறிஞ்சக்கூடியது. இலைமேல் படிந்த தூசி கழுவினால் போகும், உள்ளே ஏறிய உலோகம் கழுவினாலும் கொதிக்கவைத்தாலும் போகாது.

மழைக்குப் பிறகு ஒருநாள் கால்வாய்க் கரையில் பை நிறையப் பறித்துக்கொண்டிருந்த இளைஞர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். "மஞ்சள் தண்ணியில அலசிடுவேன் சார், அம்மாவுக்குத்தான்" என்றார். தண்டுகளின் கணுக்களில் கரிய சேறு அப்பியிருந்தது. பையைத் திறந்ததும் எண்ணெய் வாடை அடித்தது. தானாக முளைத்தது என்றால் நஞ்சில்லாதது என்று அவருக்கு யார் சொல்லிக்கொடுத்தார்களோ, அவர்கள்மேல் எனக்கு இன்னும் எரிச்சல் தீரவில்லை.

கோயில் வாசலில் விற்கும் கட்டும் இந்த வகையில் சேர்ந்ததே. எங்கே பறித்தது என்று விற்பவருக்கே பெரும்பாலும் தெரியாது. அது பிள்ளையாருக்குச் சாத்துவதற்கு மட்டும் போதும்.

மருந்தோடு சேர்த்துக் குடிப்பது

மருத்துவரைக் கேளுங்கள்.

நிழலில் வளர்ப்பது

சரியாக வளராது.

கத்தரித் தொட்டியில் நடுவது

மாடியில் வெயில்படும் இடத்தில், நல்ல மண் நிரப்பிய தனித் தொட்டியில் சில கணுத்துண்டுகளைப் பதித்தால் வீட்டுத் தேவைக்குப் போதும். கத்தரியோடு சேர்த்து நட்டுவிட்டுப் பிறகு கொத்திக் களைய முயன்றால், அறுபடும் துண்டுகளில் கணு உள்ளவை மீண்டும் துளிர்த்துவிடும்.